பொலித்தீன் கழற்றாத போறணை

அத்தியாயம் பதினேழு

மேரிஜோசப்பின் ஒரு வாக்குக் கொடுத்தால் அது நிறைவேறியே தீரும். நிறைவேற்றுகிற பாடு மட்டும் வேறு யாருடைய தலையிலாவது விழும்.

போன ஞாயிறு பூசை முடிந்து சுருவில் ஊர்க் கோயில் வாசலில் நடந்ததும் அப்படித்தான். முதல் நன்மை, அதாவது பூசையில் முதன்முதலாக அப்பம், வாங்கப்போகும் பதினொரு பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒரு பெரிய கேக் வேண்டும், யாழ்ப்பாணத்தில் ஓடர் கொடுப்போம் என்று அதே ஊர் அஞ்சலா சொல்லி வாய் மூடவில்லை. "ஏன் யாழ்ப்பாணம்? என்ர மருமகள் செய்வாள். ஜெகதீஸ் பிரான்சிலை இருந்து போறணை அனுப்பியிருக்கிறான்" என்று மேரிஜோசப்பின் முந்திக்கொண்டார். அந்த நேரம் அந்தக் கரண்ட் அடுப்பு கொழும்பை விட்டே வெளிக்கிடவில்லை. மருமகளிடம் ஒரு சொல் கேட்கவும் இல்லை.

மருமகள் அன்ரனிட்டா அல்லைப்பிட்டிப் பெண். ஜெகதீஸ் இரண்டு வருடத்துக்கு முன் லீவில் வந்து அவளைக் கட்டி, லீவு முடியப் பாரிசுக்குத் திரும்பிவிட்டான். அன்று தொடங்கி அவள் விசாவுக்குக் காத்திருக்கிறாள். கலியாணத்துக்கு முன் யாழ்ப்பாணத்துப் பேக்கரி ஒன்றில் கேக் அடித்து ஐசிங் போட்ட கை அவளுடையது. இந்த வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கைக்கு வேலை இல்லை. "நீ போற பிள்ளை, உனக்கேன் இந்தக் கரைச்சல்" என்று மாமியார் அவளை ஒன்றும் செய்ய விடுவதில்லை. அதனால் கோயில் வாசல் வாக்கைக் கேள்விப்பட்டபோது அவளுக்குப் பயமும் வந்தது, பயத்தைவிடக் கூடுதலாகச் சந்தோசமும் வந்தது. இந்த வீட்டில் முதன்முறையாக அவளால் மட்டும் ஆகவேண்டிய காரியம் ஒன்று கிடைத்திருக்கிறது.

புதன்கிழமை போறணை வந்திறங்கியது. வியாழன் கோயில் சுவாமி வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். இன்று சனி. நாளைக் காலைப் பூசைக்குக் கேக் வேண்டும்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அதுதான் இன்று காலை அந்தக் குசினியில் நடந்தது. அன்ரனிட்டா மாவை அடித்து முதல் தட்டில் ஊற்றி வைத்துவிட்டுப் போறணையின் முகத்தைத் தொட்டாள். போறணை சூடாகவில்லை. கீக், கீக் என்று கத்தியது. கண்ணாடித் திரையில் E என்று ஓர் எழுத்து, பக்கத்தில் ஏழு என்று ஓர் இலக்கம்.

"மாமா, ஒருக்கா வாங்கோ."

முற்றத்தில் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்த மாமனார் சில்வெஸ்ரர் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தார். தீவுப்பக்கத்தில் எந்தச் சாமான் பழுதானாலும் முதல் குற்றவாளி கரண்டுதான். அவரும் அதையே சொன்னார்.

"வோல்ற்றேஜ் காணாது பிள்ளை."

"பிறிஜ் ஓடுது மாமா. லைட்டும் மங்கேல்லை."

"அப்ப கரண்டை நூத்துப்போட்டுத் திருப்பிப் போடு. என்ர படகு எஞ்சினுக்கும் அதுதான் முதல் வைத்தியம்."

ட்ரிப் சுவிச்சைக் கீழே தட்டினார்கள். கொஞ்ச நேரம் விட்டு மேலே தட்டினார்கள். E போய்விட்டது. அதற்குப் பதிலாக மணிக்கூடு பூச்சியத்தில் நின்று மின்னி மின்னி முழித்தது. மறுபடியும் தொட்டாள், சூடு வரவில்லை. மாமனார் முகம் சுருங்கியது. அன்ரனிட்டாவுக்கு இது தெரியும். பேக்கரியில் இருந்ததும் இந்த வகைதான், கரண்ட் போய் வந்தால் மணிக்கூட்டைச் சரிப்படுத்தும்வரை அடுப்பு வேலைக்கு வராது. நேரத்தை வைத்தாள். சூட்டை நூற்றெண்பதில் வைத்தாள். உள்ளே விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, கண்ணாடிக் கதவில் கை வைத்தால் இளஞ்சூடு.

"மாதாவே!" என்றார் வாசலில் நின்ற மேரிஜோசப்பின். "நான் சொன்னனானெல்லே, மந்திரிச்ச சாமான் கைவிடாது."

தட்டு உள்ளே போனது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். சில்வெஸ்ரர் நண்டுக்குத் திரும்பினார்.

அரைவாசி வேகும்போது மறுபடியும் கீக், கீக். அன்ரனிட்டா ஓடிவந்து பார்த்தாள். நூற்றெண்பதில் விட்ட இலக்கம் இருநூற்றைம்பதில் நின்றது. அதற்குப் பிறகு E, ஏழு. அடுப்பு தானாக அணைந்துவிட்டது. கதவைத் திறந்தாள். கேக்கின் மேல்பக்கம் கறுத்து, நடுப்பகுதி குழியாகத் தாழ்ந்து கிடந்தது. ஊசி குத்திப் பார்த்தால் உள்ளே பச்சை மா.

அழவேண்டும்போல இருந்தது. ஆனால் அழுதால் மாமியும் சேர்ந்து அழுவார், பிறகு இருவரையும் தேற்ற ஆள் வேண்டும். அன்ரனிட்டா போனை எடுத்தாள்.

ஜெகதீஸ் பாரிசில் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தான். ஒரு காலில் சப்பாத்து, மற்றக் காலில் இல்லை.

"E ஏழோ? பொறும், புத்தகத்தைப் பாப்பம்." பிரெஞ்சுப் புத்தகத்தின் படத்தை இன்னொரு போனில் பார்த்துக்கொண்டு வாசித்தான். "கொம்பனிக்குப் போன் அடிக்கச் சொல்லிக் கிடக்கு."

"கொம்பனி பிரான்சிலை. நான் சுருவிலிலை."

"சரி, சரி. நான் நினைக்கிறன், சூடு அளக்கிற கம்பியிலை பிழையெண்டு. உள்ளுக்கை பின் சுவரிலை பென்சில் மாதிரி ஒண்டு நீட்டிக்கொண்டு நிக்கும். லூசாக் கிடக்கோ பாரும். கரண்டை நூத்துப்போட்டுக் கையை வையும் என்ன."

நூர்த்துவிட்டு, ஆறவிட்டுப் பார்த்தாள். கம்பி இறுக்கமாகவே இருந்தது. போறணையை முன்னுக்கு இழுத்துப் பின் வயரையும் பார்த்தாள். எல்லாம் புத்தம் புதுசு.

"கம்பியிலை பிழையெண்டா சூட்டைப் பிழையா அளக்கும், மெய்தானே?" என்றாள் யோசித்தபடி. "ஆனா இஞ்சை மாறினது அளந்த சூடு இல்லை. நான் வைச்ச இலக்கம். நான் நூற்றெண்பது வைச்சனான். ஆரோ அமத்தி அமத்தி இருநூற்றைம்பது ஆக்கின மாதிரிக் கிடக்கு."

"ஆர் அமத்தினது?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

இந்த இடத்தில் வாசலில் ஒரு குரல். "ஜோசப்பின் அக்கா, நிக்கிறியளோ?"

அஞ்சலா. கையில் குடை, முகத்தில் கரிசனை. ஊரில் எதற்கும் ஒரு மாற்று ஏற்பாடு வைத்திருக்கும் ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவர்களைக் கண்டால் ஆத்திரம் வரும். அஞ்சலா அந்த வகை. மேரிஜோசப்பின் குசினி வாசலை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்டுமில்லை அக்கா, மத்தியானத்துக்கு முதல் சொன்னாத்தான் யாழ்ப்பாணத்திலை எடுக்கலாமாம். ஒரு பாதுகாப்புக்குக் கேட்டனான்."

"ஏன் கேக்கிறாய்? கேக் உள்ளுக்கை வேகுது."

கரண்டைத் திரும்பப் போட்டிருந்தார்கள். கீக், கீக்.

"அதென்ன சத்தம்?"

"அது பிரான்ஸ் போறணை. வேகுதெண்டு சொல்லுது."

அஞ்சலா எட்டிப் பார்த்தாள். கருகின மணத்துக்கு மூக்கைச் சுருக்கினாள். "மத்தியானம்வரைக்கும் நான் வீட்டிலைதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மேரிஜோசப்பின் திரும்பி வந்து கதிரையில் இருந்தார். இருந்தவர் எழும்பவில்லை. பூசைக்குப் போட எடுத்து வைத்த சேலையைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்கு நான் கோயிலுக்குப் போகமாட்டன்" என்றார். ஒருநாளும் பூசையைத் தவறவிடுகிறவர் அல்ல அவர். அன்ரனிட்டா யோசித்தாள். கொடுத்தது மாமியின் வாக்காக இருக்கலாம், ஆனால் அதைக் கொடுத்தது இவளுடைய கையை நம்பி அல்லவா?

அவள் மறுபடி நூர்த்துப் போட்டு, நேரமும் நூற்றெண்பதும் வைத்துவிட்டு, போறணைக்கு முன்னால் குந்தினாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒன்றையும் தொடாமல், திரையையே பார்த்தாள். நூற்றெண்பது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நூற்றெண்பத்தைந்து. நூற்றுத்தொண்ணூறு. கூட்டல் அடையாளம் இருக்கிற இடம் ஒருவரும் தொடாமலே மின்னியது.

"மாமா! வந்து பாருங்கோ. தன்ரபாட்டிலை ஏறுது."

சில்வெஸ்ரர் வந்து குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது என்ர போனின்ர வருத்தம் பிள்ளை. கடலிலை அதிலை தண்ணி தெறிச்சால் அது தன்ரபாட்டிலை ஆக்களுக்கு அடிக்குமெல்லே? போன மாசம் விடியப்புறம் சுவாமிக்கு அடிச்சது. சுவாமி ஆருக்கோ சாகக்கிடக்கிற அவஸ்தையாக்கும் எண்டு எழும்பி வெளிக்கிட்டிட்டார்."

"தண்ணி!" என்றாள் அன்ரனிட்டா. "ஈரத்தை விரலெண்டு நினைக்குது."

புறங்கையால் திரையைத் துடைத்தாள். காய்ந்துதான் இருந்தது. மாமனார் ரோச் லைட்டைச் சரித்துப் பிடித்தார். அப்போதுதான் தெரிந்தது. திரைக்கு மேலே கொம்பனி ஒட்டி அனுப்பிய பொலித்தீன் இன்னும் கழற்றாமல் இருந்தது. அதன் ஒரு மூலை எழும்பி, உள்ளே தண்ணீர் புகுந்து, கூட்டல் அடையாளத்துக்கு நேரே ஒரு தட்டையான குமிழாக நின்றது. அடுப்புச் சூடேற அந்தக் குமிழ் மெல்ல அசைந்தது.

"கண்டுபிடிச்சாச்சு!" என்று போனுக்குள் ஜெகதீஸ் கத்தினான். அவன் இன்னும் மற்றச் சப்பாத்தைப் போடவில்லை.

"உதுக்குள்ளை எப்பிடித் தண்ணி போனது?" என்று சில்வெஸ்ரர் கேட்டார். கேட்டுவிட்டு மெல்லத் தலையைத் திருப்பினார். அன்ரனிட்டாவும் திருப்பினாள்.

மேரிஜோசப்பின் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். "என்னை ஏன் பாக்கிறியள்?"

சில்வெஸ்ரர் ரோச் லைட்டை அவர் பக்கம் திருப்பினார்.

"காலமை நானும் கொஞ்சம் தெளிச்சனான். மடு மாதா கோயிலிலை இருந்து கொண்டந்த தீர்த்தப் போத்தில்."

"சுவாமிதான் தெளிச்சவரெல்லே?" என்றார் சில்வெஸ்ரர்.

"சுவாமி ரெண்டு துளி தெளிச்சவர். பதினொரு பிள்ளையளுக்கு அது காணுமோ?" குரல் உயர்ந்தது. "அதிலை சிலுவை போட்டு, மாதாவே என்ர மானத்தைக் காப்பாத்து எண்டு கேட்டனான். மந்திரிச்ச தண்ணி ஒரு சாமானைப் பழுதாக்குமோ? ஆராவது கேட்டால் சிரிப்பினம்!"

கண் கலங்கிவிட்டது. சில்வெஸ்ரர் சிரிப்பை அடக்க முற்றத்தைப் பார்த்தார். அன்ரனிட்டா எழுந்து வந்து மாமியாரின் பக்கத்தில் நின்றாள்.

"தண்ணியிலை ஒரு பிழையும் இல்லை மாமி. சும்மா தெளிச்சிருந்தால் அப்பவே காய்ஞ்சிருக்கும். பொலித்தீன்தான் அதைக் காய விடேல்லை. அதை உரிச்சால் சரி."

நல்ல வார்த்தை. மாதாவும் தப்பினார், மாமியும் தப்பினார். ஆனால் மேரிஜோசப்பின் பதறி எழும்பினார்.

"பொலித்தீனைக் கழட்டுறதோ? ஏலாது."

அந்த வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதினமில்லை. பிறிஜ் கதவு பொலித்தீனுக்குள். ரீவியின் ரிமோட் பொலித்தீனுக்குள். ஜெகதீஸ் வாங்கித் தந்த கதிரைகளில் இருந்தால் முதுகு ஒட்டிப்பிடிக்கும், எழும்பினால் சத்தம் கேட்கும். கடற்காற்று உப்பு எதையும் தின்றுவிடும் என்பது அவர் சொல்லுகிற நியாயம். இன்று அவசரத்தில் உண்மை நியாயம் வெளியே வந்துவிட்டது.

"அவன் வந்து பாக்கேக்க எல்லாம் அனுப்பினபடி புதுசா இருக்கோணும். எங்களுக்காகத்தானே அங்கை குளிருக்கை கிடந்து உழைக்கிறான். நாங்கள் பாவிச்சுப் பழசாக்கி வைச்சிருந்தால் அவனுக்கு என்னமாதிரி இருக்கும்?"

போனுக்குள் ஜெகதீஸ் குனிந்து மற்றச் சப்பாத்தையும் மாட்டினான். பிறகு, "அம்மா, நான் வேலை செய்யிற குசினியிலை எல்லாம் கறை பிடிச்ச சாமான்தான். அதிலைதான் நல்ல சாப்பாடு வருது" என்றான்.

"உனக்குத் தெரியாது, நீ சும்மா இரு."

அப்போதுதான் சில்வெஸ்ரர் வாய் திறந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. கடலில் கழிகிற ஆட்கள் பேச்சைச் சேர்த்துவைத்து ஒரேயடியாக இறக்குவார்கள்.

"ஜோசப்பின், சாமானை மட்டுமோ நீ அப்பிடி வைச்சிருக்கிறாய்? இந்தப் பிள்ளையையும் ரெண்டு வருசமாப் பொலித்தீனுக்குள்ளைதான் வைச்சிருக்கிறாய். அதைச் செய்யாதை, இதைத் தொடாதை, நீ போற பிள்ளை எண்டு. கை இருக்கிற பிள்ளைக்கு அது என்னமாதிரி இருக்குமெண்டு ஒருநாளாவது கேட்டனியோ?"

அன்ரனிட்டா நிலத்தைப் பார்த்தாள். மறுக்கவேண்டும் என்று நினைத்தாள், ஆனால் அது உண்மை.

மேரிஜோசப்பின் மருமகளைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு போறணைக்கு முன்னால் போய், எழும்பியிருந்த மூலையில் நகத்தை வைத்து, இழுத்தார். பொலித்தீன் சர்ர் என்று உரிந்து வந்தது. தண்ணீர் ஒரு கோடாக வழிந்து நிலத்தில் விழுந்தது.

"சரிதானே? இனி என்ன செய்யவேணும், சொல்லு."

இரண்டு வருடத்தில் மாமியார் அவளிடம் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"கரண்டை நூருங்கோ மாமி. துடைச்சுக் காயவிடுவம். ஈரம் போகாமல் போடக்கூடாது."

துடைத்தார்கள். மேசை விசிறியைக் கொண்டுவந்து போறணையின் முகத்துக்கு நேரே வைத்தார்கள். மேரிஜோசப்பின் அதற்குப் பக்கத்தில் நின்று விசுக்கோத்துப் பெட்டி மூடியாலும் விசுக்கினார். உரித்த பொலித்தீனை எறிய மனம் வரவில்லை; அதைத் துடைத்து, நாலாக மடித்து, அலுமாரிக்குள் வைத்துவிட்டு வந்தார். ஒரே நாளில் ஆளை முழுதாக மாற்ற யாரால் முடியும்?

காய்ந்தது. ட்ரிப் சுவிச் மேலே போனது. மணிக்கூடு மின்னியது, அன்ரனிட்டா நேரத்தை வைத்தாள். நூற்றெண்பது. மூவரும் வரிசையில் நின்று இலக்கத்தைப் பார்த்தார்கள். அது அசையவில்லை. இன்னும் பார்த்தார்கள். நூற்றெண்பது நூற்றெண்பதாகவே நின்றது.

"இப்ப மாவை அடியுங்கோ, மாமி. நீங்கள் சீனியும் பட்டரும். நான் முட்டை."

"நானோ?"

"ஓம், நீங்கள்தான். கை உளைஞ்சால் மாமாவிட்டைக் குடுங்கோ."

அந்தப் பின்னேரம் முழுவதும் தட்டுக்கு மேல் தட்டாக உள்ளே போய் வந்தது. வனிலா மணம் வேலியைத் தாண்டி ஒழுங்கை முடக்குவரை போனது. முதல் கேக் மேலே எழும்பி, நடுவில் இலேசாக வெடித்து, பொன் நிறத்தில் வந்தபோது அன்ரனிட்டா கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு சந்தோசம்தான், வேறு ஒன்றும் இல்லை. கருகிக் குழி விழுந்த கேக்கைச் சில்வெஸ்ரர் எறியவிடவில்லை. கறுப்பைச் சுரண்டிவிட்டுப் பிளேன்ரீயோடு வெந்த பக்கமாகப் பார்த்துச் சாப்பிட்டு, "இதுவும் வலு திறம்" என்றார்.

ஐசிங் வேலைக்கு மாமியார் மருமகளுக்கு எதிரே கதிரை போட்டு இருந்தார். வெள்ளைக் கேக், நடுவில் கிண்ணமும் அப்பமும், சுற்றிவர நீல எழுத்தில் பதினொரு பிள்ளைகளின் பெயர். எழுதும்போது அன்ரனிட்டாவின் கை ஒரு தடவையும் நடுங்கவில்லை. "இப்பிடி ஒரு கையை வைச்சுக்கொண்டு இவ்வளவு நாளும் சும்மா இருந்தனியே" என்றார் மேரிஜோசப்பின், தான்தான் சும்மா இருக்கவைத்தவர் என்பதை வசதியாக மறந்து.

வெயில் தாழ, மாமாவும் மாமியும் ஓட்டோவில் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போனார்கள். ஓட்டோக்காரனை மேரிஜோசப்பின் நடைவேகத்தில் ஓடச் சொல்லியிருந்தார்.

அன்ரனிட்டா தனியே குசினியைக் கழுவிக்கொண்டிருந்தாள். உடம்பு அலுத்திருந்தது, மனம் நிறைந்திருந்தது. இது என் குசினி என்று அவளுக்குத் தோன்றியது. நாளை என்ன செய்யலாம், வாற கிழமை யாருக்குச் செய்யலாம் என்றெல்லாம் நினைப்பு ஓடியது.

போன் அடித்தது. ஜெகதீஸ். வேலை இடையில் வெளியே வந்து நின்று கதைத்தான், பின்னால் வாகனச் சத்தம்.

"கேக் போயிட்டுதோ?"

"போயிட்டுது. நல்லா வந்தது. நீங்கள் பாத்திருக்கவேணும்."

"அன்ரா, காலமை சொல்லுவம் எண்டு பாத்தனான். நீர் உந்தக் கேக் கரைச்சலிலை நிண்டதாலை சொல்லேல்லை." அவனுக்கு மூச்சு வாங்கியது. "உம்மட விசா சரிவந்திட்டுது. நேற்றுத்தான் மறுமொழி வந்தது. நான் ஒக்டோபரிலை வாறன். வந்து ரெண்டு பேருமாத் திரும்புவம். என்ன, வருவீர்தானே?"

இரண்டு வருடம் காத்திருந்த சொல். ஒவ்வொரு பூசையிலும் இதற்காகத்தானே முழந்தாளில் நின்றாள். அவனுடைய குரல் சந்தோசத்தில் உடைந்ததைக் கேட்டதும் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"ஓம்" என்றாள். "வருவன்."

வெளியே ஓட்டோ வந்து நின்றது. கதவு திறக்கும் முன்பே மாமியாரின் குரல் வீட்டுக்குள் வந்துவிட்டது.

"பிள்ளை! அஞ்சலா வாயடைச்சுப்போய் நிக்கிறாள்! சுவாமி தட்டைச் சுத்திச் சுத்திப் பாத்தவர். வாற டிசம்பர் நத்தாருக்குக் கோயிலுக்குக் குடுக்கிற கேக் முழுக்க எங்கட வீட்டிலைதான்." சொல்லிக்கொண்டே குசினிக்குள் வந்தவர், ஏதோ நினைவு வந்ததுபோல நின்றார். முகம் மாறியது. மருமகளின் ஈரக் கையைப் பிடித்தார். "இல்லை, நான் இன்னும் வாக்குக் குடுக்கேல்லை. இனி உன்னைக் கேளாமல் குடுக்கமாட்டன். மருமகளைக் கேட்டுச் சொல்லுறன் எண்டுதான் சொன்னனான். நீ சொல்லு. செய்வியோ?"

வாழ்நாளில் யாரிடமும் கேட்டு வாக்குக் கொடுக்காத மனுசி, ஒரு பதிலுக்காக அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

போன் இன்னும் அன்ரனிட்டாவின் காதில் இருந்தது. அந்தப் பக்கத்தில் ஜெகதீஸ் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஓம் மாமி" என்றாள் அவள். "செய்வன்."

இரண்டையும் அவள் மனதாரத்தான் சொன்னாள்.